புழுவைப் பற்றி இனியா சொன்னது

1

சென்ற வாரம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்ப் புதிய குடியிருப்பு அட்டையை வாங்கி வந்தேன். ஜெர்மனிக்கு வந்து எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. இன்னமும் அந்தக் கட்டடத்தின் படியேறும்போது, படிக்காமல் பரீட்சை ஹாலுக்குப் போகிற மாதிரிதான் இருக்கிறது. டோக்கன் எடுத்துக்கொண்டு, மேலே எண் ஓடுகிற பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் முறை வந்தது.

கண்ணாடி போட்ட, ஓய்வுபெறப் போகிற வயதிலிருந்த ஒருவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு விவரங்களைச் சரிபார்த்தார். பெயர் சுமதி. பிறந்த ஊர் திருச்சிராப்பள்ளி. அந்த ஊர்ப் பெயரை மூன்று இடத்தில் மூச்சு வாங்கி ஒருவழியாகப் படித்து முடித்தார். பிறகு, என்ன வேலை என்று கேட்டார்.

"ஆராய்ச்சி" என்றேன். எதில் என்றார். "கைம்பான்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா! எந்த ஊர்ப் பாதை?" என்று ஆரம்பித்து, தன் அப்பா நிலக்கரி வண்டியில் வேலை பார்த்தது, சின்ன வயதில் என்ஜினில் ஏறி நின்றது என்று எனக்குப் பின்னால் காத்திருந்தவர்களை மறந்து பேசிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாதிக்கு மேல்தான் புரிந்தது. உயிரியலில் வழங்குகிற அந்தச் சொல் என் உச்சரிப்பில் அவர் காதில் 'க்ளைன்பான்' என்று விழுந்திருக்கிறது. அதற்குக் குட்டி ரயில் என்று பொருள். இந்தப் பக்கத்து மலைகளில் இன்னும் புகை விட்டுக்கொண்டு ஓடுகிற பழைய ரயில்கள் அவை.

நான் விளக்கியதும் அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்து டிராமுக்கு நின்றபோதும் சிரிப்பு மிச்சமிருந்தது. அடுத்தவர் மொழியில் ஒரு சொல் தடுக்கினால் இவ்வளவுதான் நஷ்டம். இதே வருடம் என் சொந்த மொழியில், என் சொந்த வீட்டில், ஒரு சொல் இடம் மாறி விழுந்தது. அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

நான் பார்ப்பது நூற்புழு. மண்ணில் வாழ்கிற, யாருக்கும் எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு வகை. முழுதாக வளர்ந்தாலும் ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். உடம்பு கண்ணாடி போல இருப்பதால், உள்ளே நடப்பதெல்லாம் மைக்ரோஸ்கோப்பில் தெரியும். தினமும் காலையில் இனியாவை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு, கணவர் பிரபு ஒரு டிராமிலும் நான் இன்னொரு டிராமிலுமாகக் கிளம்பிப் போய், தட்டுகளில் வளரும் புழுக்களைக் கம்பி நுனியால் எடுத்து வேறு தட்டுக்கு மாற்றுவதில் என் நாள் தொடங்குகிறது.

அந்தப் புழுவின் முட்டை கருவானதும் இரண்டாகப் பிரியும். பிரிகிற இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. பெரியது உடம்பாகப் போகும். சிறியதுக்குள்தான் அடுத்த தலைமுறைக்கான வித்து இருக்கும். சிறியது திரும்பப் பிரியும்போது மறுபடியும் ஒரு பங்கு உடம்புக்கு, ஒரு பங்கு வித்துக்கு. இப்படி ஒதுக்கி ஒதுக்கிக் கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு செல். நான் அதைத் தமிழில் வித்துச் செல் என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். பின்னால் வரப்போகிற முட்டை, விந்து எல்லாம் அதன் வழியில் வருபவைதான். அந்த வழியைத்தான் ஜெர்மன்காரர்கள் கைம்பான் என்கிறார்கள்.

மற்ற செல்களெல்லாம் தோலாகவும் நரம்பாகவும் குடலாகவும் மாற ஓடிக்கொண்டிருக்கையில் வித்துச் செல் மட்டும் ஒன்றும் செய்யாமல் இருக்கும். அதற்குள் இருக்கிற ஒரு புரதம் அதன் மரபணுக்களைப் பேச விடாமல் அடக்கி வைத்திருக்கும். அப்படி அடங்கி இருந்தால்தான் அது உடம்பின் வேலைக்கு இழுபட்டுப் போகாமல் வித்தாகவே தங்கும். அந்தப் புரதத்தையும், அதற்குத் துணையான மற்றவற்றையும் முட்டைக்குள் வைத்து அனுப்புவது அம்மாப் புழு. கரு தன் காலில் நிற்கும்வரை அம்மா கட்டிக் கொடுத்ததை வைத்துத்தான் பிழைக்கிறது.

நான் வளர்ப்பது இதில் ஒரு விசித்திரமான வகை. அம்மாவிடம் ஒரு மரபணு கெட்டிருக்கும். ஆனால் அவள் நன்றாக இருப்பாள், முட்டையிடுவாள். குட்டிகளும் நன்றாக வளரும், நன்றாகத் தின்னும், நன்றாக நெளியும். ஆனால் அம்மா கட்டிக் கொடுக்க வேண்டியதில் ஒன்று விட்டுப்போனதால், குட்டிகளுடைய வித்துச் செல்கள் தழைக்காமல் அழிந்துவிடும். அதாவது அம்மாவுக்குப் பிள்ளை உண்டு, பேரப்பிள்ளை கிடையாது. எங்கள் துறையில் அந்த வகைக்குப் பெயரே 'பேரப்பிள்ளை இல்லாதவை' என்பதுதான். இனியா சின்ன வயதிலிருந்து இந்தப் பெயரைக் கேட்டு வளர்ந்தவள். அவளுக்கு இது பூனை, நாய் மாதிரி ஒரு பெயர். அவ்வளவுதான்.

3

என் பிறந்த வீடு திருச்சியில், எடமலைப்பட்டி புதூரில். அப்பா காலமான பிறகு அம்மாவும், தம்பி முரளியும், அவன் மனைவி கலைவாணியும் அங்கே இருக்கிறார்கள். மதுரை ரோட்டில் முரளிக்கு விதை, உரம், பூச்சி மருந்துக் கடை. வாழை, தக்காளி வேரில் முடிச்சுப் போடுகிற நூற்புழுவுக்கு அவன் மருந்து விற்கிறான்.

"அக்கா புழுவ வளக்குது, நான் புழுவக் கொல்ல மருந்து விக்கிறேன். வீட்டுக்கு வீடு இப்படியா இருக்கும்?" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்லிச் சிரிப்பான்.

நல்லவன். எல்லோரிடமும் நன்றாகப் பேசுவான். ஆனால் வீட்டில் ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டான். கல்யாணமாகி வருடங்கள் ஓடியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை.

கலைவாணியை நாங்கள் கலை என்றுதான் கூப்பிடுவோம். பி.காம். படித்தவள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். நான் இந்த முறை லீவில் போனபோது அந்தக் குழியைப் பார்க்க இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. தில்லைநகரில் ஒரு டாக்டரிடம் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டார்களாம். வலி பொறுத்துக்கொண்டு செய்துகொள்கிற பரிசோதனைகள். எல்லாமே சரியாக இருக்கிறது என்று வந்திருக்கிறது.

"முரளி பாத்துக்கிட்டானா?" என்று கேட்டேன்.

கலை அடுப்பைப் பார்த்தபடி, "டாக்டர் சொன்னாங்கக்கா. அவரு, எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்னு சொல்லிட்டாரு" என்றாள்.

நாங்கள் போயிருந்த நேரத்தில்தான் வையம்பட்டியில் மாமா வீட்டுப் பெண்ணுக்கு வளைகாப்பு வந்தது. வேன் வாசலில் நிற்கிறது. நாங்கள் எல்லோரும் பட்டுப்புடவையில் ஏறுகிறோம். கலை மட்டும் நைட்டியோடு வாசலில் நிற்கிறாள்.

"கலை வரலையா?" என்றேன்.

"வீட்ட பாத்துக்க ஆள் வேணாமா?" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல். பூட்டு என்று ஒன்று இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன். கலை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அந்த வளைகாப்பு வீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. மாமாவின் கொழுந்தியாள் மகள் ஒருத்தி இருக்கிறாளாம். அடக்கமான பெண்ணாம். முரளி கலையை அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பி முறைப்படி தீர்த்துக்கொண்டால், மேற்கொண்டு பேசலாம் என்று மாமா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா மறுக்கவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது வேனில் அம்மாவிடம் சண்டை போட்டேன். "நீ லீவுக்கு வந்திருக்க. லீவு முடிஞ்சா போயிடுவ. இந்த வீட்டுல இருக்கறது நான்" என்றாள். உண்மையாகவே அடுத்த வாரம் எனக்கு விமானம் இருந்தது.

4

கிளம்புவதற்கு முன் எல்லோருமாக முக்கொம்பு போனோம். கலையையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்துக்கொண்டோம். முரளி காரை மர நிழலில் விட்டுவிட்டு அங்கேயே தூங்கிவிட்டான். சாப்பாடு முடிந்து கலையும் நானும் பாத்திரம் அலசக் குழாய் பக்கம் போனோம்.

திரும்பிப் பார்த்தால், அம்மாவும் இனியாவும் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு நம்ப முடியவில்லை. இனியாவுக்குத் தமிழ் புரியும். பேசத்தான் வெட்கம். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். அம்மாச்சியோடு வீடியோவில் பேச வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "சாப்டேன்", "ஸ்கூல் நல்லா இருக்கு", "பை அம்மாச்சி" என்ற மூன்று வாக்கியத்தோடு போனைத் திருப்பித் தந்துவிடுவாள். அந்தப் பெண் இப்போது கையை ஆட்டி ஆட்டி, காவிரி ஒரு பக்கமும் கொள்ளிடம் ஒரு பக்கமும் பிரிகிற இடத்தைக் காட்டி ஏதோ விளக்குகிறாள். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்கிறாள்.

"பாருங்கக்கா, ரெண்டு பேரும் எப்படி ஒட்டிக்கிட்டாங்க" என்றாள் கலை.

நான் அவர்களைக் கலைக்கக் கூடாது என்று அலசிய பாத்திரத்தையே இன்னொரு தரம் அலசினேன். மனது நிறைந்திருந்தது. போன் எடுத்து ஒரு படமும் பிடித்தேன்.

நாங்கள் கிட்டே போனபோது அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். வீடு திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஏர்போர்ட்டில் விடை கொடுக்கும்போது எப்போதும் என்னைத்தான் கட்டிப்பிடித்து அழுவாள். இந்தத் தடவை முரளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் எங்கேயும் போகவில்லை.

5

ஜெர்மனிக்குத் திரும்பிய சில வாரங்களில் கலையிடமிருந்து போன். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூப்பிடுவேன். வேலை நாளில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளாகக் கூப்பிட்டதும் எனக்குப் பதறிவிட்டது.

"ஒண்ணும் பயப்படாதீங்கக்கா. எல்லாரும் நல்லா இருக்கோம். ஒண்ணு கேக்கணும், அதான்."

"சொல்லு கலை."

"வையம்பட்டி மாமா வந்திருந்தாரு. அத்தை அவர்கிட்ட, இனிமே அந்தப் பேச்சு வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கலை தொடர்ந்தாள்.

"போன வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கம் போனோம், நானும் அத்தையும் மட்டும். தாயார் சன்னதியில ரொம்ப நேரம் நின்னாங்க. வெளிய வந்து பஸ்ஸுக்கு நிக்கையில என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாங்கக்கா. எம்மேல கோவப்படாத கலை, உன்னைப் போட்டு வறுத்துட்டேன், எல்லாம் என் வயித்துலேருந்து வந்ததுதான்னு சொன்னாங்க. அவரு அத்தை வயித்துல இருக்கும்போது அவங்களுக்கு மஞ்சக்காமாலையாம். நாட்டு மருந்து சாப்டாங்களாம். அதுலதான் அவருக்கு வித்து இல்லாம போயிருச்சாம்."

"யார் சொன்னது இதை?"

"இனியா சொல்லிச்சாம். நீங்க ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கீங்களாம். புள்ள நல்லா இருக்கும், ஆனா அதுக்குப் புள்ள பொறக்காது, தப்பு அம்மாகிட்டேருந்து வருதுன்னு. அக்கா, அது நெசமா?"

சாப்பாட்டு அறையில் என்னைச் சுற்றி எல்லோரும் சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்டை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

"இல்ல கலை. அது புழுவுக்கு. நாங்களே மரபணுவக் கெடுத்து வளக்கற புழு. மனுஷங்களுக்குக் குழந்தை இல்லாததுக்கு எவ்வளவோ காரணம் இருக்கு. காமாலைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அம்மா மேல எந்தத் தப்பும் இல்ல."

"ஓ" என்றாள். கடைத்தெருச் சத்தம் மட்டும் போனில் கேட்டது. வீட்டுக்கு வெளியே வந்து பேசுகிறாள் என்று தெரிந்தது.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். இது இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். பல வருடங்களாக நான் சண்டை போட்டும் நடக்காதது ஒரு தவறான அர்த்தத்தால் நடந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் அம்மாவின் பாரம் இறங்கும். ஆனால் இறங்கிய பாரம் மறுபடியும் கலையின் தலையில்தானே ஏறும்? வையம்பட்டிப் பெண் இன்னும் அங்கேதானே இருக்கிறாள்? உண்மையைச் சொல்லாமல் விடுவதற்கு எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிட்டது.

கலைதான் பேசினாள்.

"அக்கா, கல்யாணம் ஆகி வந்ததுலேருந்து இந்த வீட்டுல இப்பதான் நிம்மதியா தூங்கறேன். காலையில எந்திரிச்சா அத்தை என்ன சொல்லுவாங்களோன்னு பயமே இல்ல."

"தெரியுது கலை. அதனால நாம..."

"ஆனா அவங்க சாப்பிட மாட்டேங்கறாங்கக்கா. சோத்துல கைய வச்சுட்டு அப்படியே உக்காந்திருக்காங்க. அவரப் பாக்கும்போதெல்லாம் கண்ணுல தண்ணி வருது. பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியல. நீங்க சொல்லிடுங்க."

"அப்புறம் திரும்பவும் உன்னை..."

"பாத்துக்கலாம்க்கா. நீங்க சொல்லிடுங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

6

நேரில் போய்ச் சொல்லத்தான் ஆசை. ஆனால் என் பழைய அட்டையின் காலம் முடிந்திருந்தது, புதியது வரவில்லை. இடைக்காலத்துக்கு ஒரு காகிதம் தரக் கேட்டு நான் எழுதியதற்கு, உங்கள் கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரவிடுவார்களா என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்ல இன்னொரு நாட்டு அலுவலகத்தின் முத்திரைக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்பதை வெளியே வந்தவர்கள் அறிவார்கள்.

அன்று சாயங்காலம் இனியாவைக் கேட்டேன். முக்கொம்பில் அம்மாச்சியிடம் என்ன சொன்னாய்?

"அம்மாச்சி கேட்டாங்க, உங்கம்மா அங்க என்னதான் வேலை பாக்குதுன்னு. நான் சொன்னேன். கரெக்டாதான் சொன்னேன்" என்றாள் அவள், ஜெர்மனில். "தமிழ்லயே சொன்னேன். நீதானே எப்பவும் தமிழ்ல பேசச் சொல்ற?"

"தப்பு அம்மாகிட்டேருந்து வருதுன்னு சொன்னியா?"

"ஆமா. ஃபேலர். தப்பு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜெர்மனில் குறை என்பதற்கும் ஃபேலர்தான், தவறு என்பதற்கும் ஃபேலர்தான். இயந்திரத்தில் இருந்தாலும், கணக்கில் இருந்தாலும், மரபணுவில் இருந்தாலும் அதே சொல். இனியா அதற்கு ஈடாகத் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டிருக்கிறாள். வீட்டில் அவளை நாங்கள் திட்டும்போது கேட்டுப் பழகிய சொல்.

நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அம்மாச்சி சாப்பிடலையா? என்னாலயா?" என்று தமிழிலேயே கேட்டாள். மறுநாள் நான் அம்மாவைக் கூப்பிடும்போது தானும் கூட இருப்பேன் என்றாள். வெட்கப்பட்டுக்கொண்டு போனைத் திருப்பித் தருகிற பெண், அன்று எனக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

வீடியோவில் அம்மா இளைத்துத் தெரிந்தாள். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். என்ன புழு, அதை நாங்கள் எப்படிக் கெடுக்கிறோம், எதற்குக் கெடுக்கிறோம், மனிதர்களுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் எல்லாம். அம்மா குறுக்கிடாமல் கேட்டாள்.

"அப்ப அவன் என் வயித்துல இருக்கும்போது நான் மருந்து சாப்டது?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா."

"இனியா சொல்லிச்சே?"

இனியா போனைத் தன் பக்கம் திருப்பினாள். "அம்மாச்சி, நான் வார்த்தை தப்பா போட்டேன். அது தப்பு இல்ல. அது... குறை. அதுவும் புழுவுக்கு. உங்களுக்கு இல்ல. சாரி அம்மாச்சி" என்றாள்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கலை வந்து பக்கத்தில் உட்கார்வது தெரிந்தது. நான் பயந்தது அடுத்து வருவதற்குத்தான். அழுது முடித்து, முகத்தைத் துடைத்து, அம்மா என்ன கேட்பாள்? அப்போ குறை யாருக்கு என்று கேட்டால்?

"யாருக்குன்னு டாக்டர் பாத்துதாம்மா சொல்லணும்" என்று நானே முந்திக்கொண்டேன். "கலைக்கு எல்லாம் பாத்தாச்சு. முரளியும் பாத்தாத்தான் தெரியும். கண்ணால பாக்காம யாரையும்..."

"நிறுத்து" என்றாள் அம்மா. "நான் திரும்ப வையம்பட்டிக்குப் போன் போடுவேன்னு பயப்படுற. தெரியுது."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இத்தன நாளா இந்தப் பொண்ணு இருந்த எடத்துல நான் இருந்து பாத்துட்டேன் சுமதி. என்னைய யாரும் ஒரு வார்த்தை கேக்கல. கேக்காமயே எனக்குச் சோறு எறங்கல. இவள நான் தெனமும் கேட்டுக்கிட்டே இருந்தேன். அதுக்கப்புறமும் மூணு வேளையும் எனக்குச் சமைச்சுப் போட்டா."

கலை அழவில்லை. கீழே குனிந்து அம்மாவின் புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

7

மறுநாள் முரளியிடம் அம்மா பேசிய விதத்தைக் கலை போனில் அப்படியே நடித்துக் காட்டினாள். அவன் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறான்.

"டேய், இன்னிக்குக் கடையத் தொறக்க வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"உனக்குப் பாக்கணும்."

"எனக்கென்னம்மா? நல்லாத்தானே இருக்கேன்."

"ஒண்ணும் இல்லன்னா தைரியமா வா. இவ அத்தன ஊசி போட்டுக்கிட்டப்ப நீ கார்லதானே உக்காந்திருந்த?"

அவன் அன்று போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. அம்மா திட்டவில்லை, சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவனாகவே கலையிடம், "வர்றியா, போயிட்டு வந்துடலாம்" என்று கேட்டிருக்கிறான்.

குறை முரளிக்குத்தான் இருந்தது. அதைப் பற்றி விரிவாக எழுத எனக்கு உரிமை இல்லை. அவன் உடம்பு, அவன் விஷயம். டாக்டர் வழிகள் உண்டு என்றிருக்கிறார், உறுதி இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். அவன் அந்த வாரம் முழுவதும் என் போனை எடுக்கவில்லை. நானும் விட்டுவிட்டேன். மைக்ரோஸ்கோப்பில் ஒரு புழுவுக்கு வித்துச் செல் இல்லை என்று தெரிந்தால் குறித்துக்கொண்டு அடுத்ததைப் பார்க்கிற கண் என்னுடையது. அந்த வாரம் எனக்கு அது சுலபமாக இல்லை. ஒவ்வொரு தட்டையும் மூடும்போது முரளியின் முகம் வந்தது.

பிறகு ஒரு மத்தியானம் கலை கூப்பிட்டாள். குரலிலேயே என்னவோ மாறியிருந்தது.

"அக்கா, இன்னிக்கு அவருக்குக் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனேன். உள்ள வையம்பட்டி மாமா உக்காந்திருக்காரு. கடை நெறய ஆளு. மாமா சத்தமா, உங்கம்மாதான் ஏதோ சொல்லிட்டா, நீ ஒரு முடிவு சொல்லு மாப்ள, அந்தப் பொண்ணு வீட்டுல எத்தன நாளைக்குக் காத்திருப்பாங்கன்னு கேக்கறாரு. நான் வாசல்லயே நின்னுட்டேன்."

"முரளி என்ன சொன்னான்?"

"மருந்து டப்பாவ அடுக்கிக்கிட்டே இருந்தாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னுதான் நெனச்சேன். எப்பவும் அப்படித்தானே? அப்புறம் திரும்பி, கலைக்கு ஒரு கொறையும் இல்ல மாமா, கொறை எனக்குத்தான், டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு, அந்தப் பொண்ணுக்கு வேற நல்ல எடமா பாருங்கன்னு சொன்னாருக்கா. அத்தன பேரு முன்னாடி. சத்தமா."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எடமலைப்பட்டி புதூரிலிருந்து கிராப்பட்டி வரைக்கும் முரளியைத் தெரியாதவர்கள் இல்லை. நாளைக் காலைக்குள் இது ஊர் முழுக்கப் போய்விடும். அது அவனுக்குத் தெரியாமலா சொல்லியிருப்பான்?

"மாமா?"

"எந்திரிச்சுப் போயிட்டாரு. எனக்கு அங்க நிக்க முடியல. சாப்பாட்டுத் தூக்க வாசல்லயே வச்சுட்டு நடந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல நின்னு அழுதேன். ஒரு பஸ் வந்துச்சு, ஏறல. இன்னொண்ணு வந்துச்சு, அதுலயும் ஏறல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, திரும்பக் கடைக்கே போனேன். கடைல யாரும் இல்ல. அவரு மூட்டை மேல உக்காந்து, தூக்கத் தொறந்து முன்னாடி வச்சுக்கிட்டு, சாப்பிடாம இருக்காரு. என்னப் பாத்ததும், நீ சாப்டியான்னு கேட்டாரு. இல்லன்னேன். வா, உக்காருன்னு நகந்து எடம் விட்டாரு."

கலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அந்தக் கன்னக்குழி எனக்குத் தெரிகிற மாதிரியே இருந்தது.

"வெண்டைக்காய்க் கொழம்புக்கா. ரெண்டு பேரும் ஒரே தூக்குல சாப்டோம். நடுவுல ஒருத்தரு வந்து தக்காளி வெதை கேட்டாரு. இவரு எந்திரிக்கவே இல்ல. சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்ணே, செத்த இருங்கன்னு சொல்லிட்டாரு."